முந்திரி எண்ணெய் பட்டது

12.7.2004 திங்கள்

இன்று எஸ்.டி.டி. பூத்தில் கூட்டமே இல்லை. மத்தியானம் முதலாளி சாமிக்கண்ணு அண்ணன் மேஜை மேல் உட்கார்ந்த கொசுவைப் படாரென்று அடித்தார். அடுத்த நொடி நான் எங்கே இருந்தேன்? மேஜைக்குக் கீழே. இரண்டு கையும் தலைமேல். வயது முப்பத்தொன்று, பிளஸ் டூ படித்தவள், ஒரு பெண்ணுக்குத் தாய். கொசுவடிக்கிற சத்தத்துக்கு மேஜைக்கடியில்.

அண்ணன் எழுந்து வரவில்லை. சின்ன வயதில் போலியோ வந்து சூம்பின கால், சட்டென்று எழவும் முடியாது. "கொசும்மா" என்றார். "பேனா விழுந்துடுச்சுண்ணே" என்றேன். பேனா மேஜை மேலேயே கிடந்தது. அதை அவரும் பார்த்தார்.

புருஷன் வீட்டை விட்டு அரியலூருக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவர் ஊர் ஆண்டிமடம் பக்கம், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். இது புத்திக்குத் தெரிகிறது. உடம்புக்கு யார் போய்ச் சொல்வது?

இங்கேயும் 'அவர்' என்றுதான் எழுதுகிறேன். நோட்டைத் திறந்து பார்க்கவா போகிறார்?

14.7.2004 புதன்

அண்ணன் இன்று என் பின்பக்கம் வரும்போதெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டே வருகிறார். சளியா என்று கேட்டேன். "லேசா இருக்கும்மா" என்றார். பொய். நல்ல மனுஷன்.

23.7.2004 வெள்ளி

கோர்ட்டிலிருந்து நோட்டீஸ். அவர் மனுப் போட்டிருக்கிறார். மனைவி மலர்கொடி எந்தக் காரணமும் இன்றிப் பிரிந்து போய்விட்டாராம். திரும்பி வந்து சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டுமாம்.

எந்தக் காரணமும் இன்றி. இந்த மூன்று வார்த்தையை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கும்போது பேனா நழுவிற்று. இந்தத் தடவை நிஜமாகவே.

26.7.2004 திங்கள்

வக்கீல் ஜெயலட்சுமி அம்மாவைப் பார்த்தேன். அண்ணன்தான் அனுப்பினார். வேகமாகப் பேசுகிற பொம்பளை, ஆனால் கேட்கும்போது முழுசாகக் கேட்கிறார்.

"உத்தரவு போட்டா போலீஸ் வந்து இழுத்துட்டுப் போகுமாம்மா?"

"அப்படி யாரும் இழுக்க முடியாது. ஆனா அந்தக் காகிதம் உங்க வீட்டுக்காரர் கையில இருந்தா, ஊர் கூடிப் பேசும். புள்ளையக் கேப்பாரு. உங்க வீட்டாளுங்களே கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுவாங்க. அதான் பயம்."

அது எனக்குத் தெரியும். நான்கு தடவை அப்படிக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

அடித்ததற்கு ஆதாரம் கேட்டார். மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "சீட்டு இருக்கா? அதுல என்ன எழுதியிருக்கு?"

"முந்திரி எண்ணெய் பட்டதுன்னு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்காத பெண் கிடையாது. கொட்டை ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரிந்து கறுத்துப்போகும். எல்லோர் கையிலும் தழும்பு இருக்கும். அங்கே எந்த டாக்டரிடம் போய் இதைச் சொன்னாலும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார், மருந்தை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். கொட்டடி என்கிற உடைப்புக் கொட்டகையில் நானும் உட்கார்ந்து உடைத்தவள்தானே. பொய்க்கு இதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்?

எந்தத் தழும்பு எப்படி வந்தது, எப்போது வந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

1.8.2004 ஞாயிறு

சுகன்யாவைப் பக்கத்து வீட்டில் விளையாட விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். கண்ணாடியை வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

வலது முழங்கைக்குக் கீழே – எண்ணெய். கொட்டை வறுக்கும்போது தெறித்தது. நிஜம்.

விரல்கள் – எண்ணெய்.

இடது மணிக்கட்டு – எண்ணெய் என்றுதான் நினைக்கிறேன்.

கழுத்துக்குப் பின்னால் – சிகரெட். குழம்பில் உப்பு கூடிப்போன அன்று. இல்லை, அது அவர் தங்கச்சி கல்யாணத்துக்கு முந்தின நாளா?

முதுகு –

முதுகு என்று எழுதி அரை மணி நேரமாகிறது. கண்ணை மூடினால் என்ன தெரிகிறது தெரியுமா? கொட்டடி தெரிகிறது. வறுக்கிற சட்டி, புகை, பக்கத்தில் எண்ணெய் ஒட்டாமலிருக்கச் சாம்பலில் கையைத் தோய்த்துக்கொண்டு பச்சையம்மாள் அக்கா. எண்ணெய் தெறித்து என் முதுகில் விழுகிறது. நான் சொன்ன பொய்தான் இது. அதற்கு நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது வரை இருக்கிறது. நிஜமாக நடந்ததற்கு எதுவுமே இல்லை. வெறும் இருட்டு.

எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? ஒருவேளை எண்ணெய்தான் பட்டதோ? ஒருவேளை அவர் சொல்கிற மாதிரி நான்தான் –

போதும்.

3.8.2004 செவ்வாய்

ஒன்றும் எழுத வரவில்லை.

15.8.2004 ஞாயிறு

செந்துறைக்குப் போய் அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து அம்மா வீட்டுக்குப் போனோம். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்களாம், சுகன்யா இரண்டை அம்மாயிக்கென்று முடிந்து வைத்திருந்தாள். பாப்பாயிக்கு ஒரே சந்தோஷம். அம்மாவைப் பேர் சொல்லி எழுதுகிறேன் பார். கோபம்.

வீட்டுக் கூரையில் புது ஓடு. கேட்டேன்.

"மாப்ளதான் போன வாரம் வந்து மாத்திக் குடுத்துட்டுப் போனாரு. மொகமே வாடிப்போச்சு. திருந்திட்டாருடி. பொம்பளப் புள்ளைய வச்சிக்கிட்டு நீ ஒத்தையில கெடந்தா ஊரு என்னா சொல்லும்?"

"ஊர் சொல்றது இருக்கட்டும். அவரு என்ன செஞ்சாருன்னு நீ ஒரு நாளாவது கேட்டியா?"

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். புடைப்பதற்கு முறத்தில் ஒன்றும் இல்லை.

தொண்ணூற்றெட்டில் முதல் தடவை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அம்மாதான். ஆள் விட்டுச் சொன்னதும் ஓடி வந்தாள். பஸ்ஸில் என்னைச் சன்னலோரம் உட்கார வைத்து, முதுகு சீட்டில் படாமல் கையை அண்டக் கொடுத்துக்கொண்டே வந்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. ஜெயங்கொண்டம் வந்ததும் காதோடு சொன்னாள்: "கேட்டா கொட்ட எண்ண பட்டுடுச்சுன்னு சொல்லு, என்ன." அங்கே போனதும் நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். அப்புறம் ஒரு வாரம் வைத்துக் கஞ்சி ஊற்றினாள். அப்புறம் கொண்டுபோய் விட்டாள்.

கையை அண்டக் கொடுத்தாயே அம்மா. பார்த்தாய்தானே?

11.9.2004 சனி

இன்று செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதத்தான் வேண்டும்.

சுகன்யா குழம்புச் சட்டியைக் கவிழ்த்துவிட்டாள். "கண்ணு இருக்கா, புண்ணா? திங்கத் தெரியுதுல்ல?" என்று கத்தினேன். கத்தின பிறகுதான் உறைத்தது, இது என் பேச்சில்லை. வார்த்தை அவருடையது, இழுக்கிற இழுப்பும் அவருடையது. கை வேறு ஓங்கியிருந்தது.

பிள்ளை அழவில்லை. வாசலுக்குப் போய்ச் செருப்புப் பக்கத்தில் நின்றுகொண்டாள். அப்போதுதான் கவனித்தேன், அவள் செருப்பு எப்போதும் தெருவைப் பார்த்துத்தான் இருக்கும். சட்டென்று காலை நுழைத்து ஓட வசதியாக. யார் சொல்லிக்கொடுத்தது? நான்தான். ஆண்டிமடத்தில் இருக்கும்போது மூன்று வயசில் சொல்லிக்கொடுத்தேன். ஒன்பது வயசாகியும் மறக்கவில்லை.

"அம்மா தப்புப் பண்ணிட்டேண்டா" என்றேன்.

"சரிம்மா. கொழம்ப நான் தொடைச்சிர்றேன்" என்றாள், பெரிய மனுஷி மாதிரி. இரண்டு பேருமாகத் துடைத்தோம். பிறகு கடையில் தயிர் வாங்கிச் சாப்பிட்டோம்.

அவரை விட்டு வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். மூட்டை முடிச்சோடு கூடவே அழைத்து வந்திருக்கிறேன் போல.

20.10.2004 புதன்

ஏதோ வேலையாக அரியலூர் வந்த பச்சையம்மாள் அக்கா பூத்துக்கு வந்தார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம், பேச வந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே மகனோடு பேசினார், என்னைப் பார்த்துக்கொண்டே.

போனை வைத்துவிட்டு வந்து கேட்டார். "கேஸு போட்டிருக்கானாமே, இளையபெருமாளு?"

அவர் பேர்தான். அந்தப் பேரை இத்தனை சாதாரணமாக ஒருத்தர் சொல்ல முடியுமா? 'சோறு வச்சாச்சா' என்கிற மாதிரி.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆதாரம் இல்லாதது, எனக்கே எது நிஜம் என்று குழம்பிப்போனது. அக்கா சிரித்தார். கேலியாக இல்லை, பாவமாக.

"ஏண்டி, கொட்ட ஒடைக்கறப்ப எண்ண எங்கடி தெறிக்கும்? முன்னாடிதானே? மூஞ்சில, கையில, மாருல படும். முதுவுல எப்புடிப் படும்? திரும்பி ஒக்காந்துகிட்டா ஒடைச்ச?"

நான் கொட்டை உடைக்கிற மாதிரிக் கையை முன்னால் வைத்துப் பார்த்தேன்.

"கொட்டடியில இருந்த அத்தன பேருக்கும் தெரியும்டி. நீ வந்து எண்ண பட்டுச்சுக்கான்னு சொல்லுவ, நாங்களும் ஆமா ஆமா, சாம்பலு தொட்டுக்கன்னு சொல்லுவோம். எங்க வூட்டு வாசப்படியிலயும் ஆம்பள இருக்கான்ல. அதான் மூடிக்கிட்டு இருந்தோம்." சுருக்குப்பையை அவிழ்த்துக்கொண்டே, "கோர்ட்டுல கேட்டா வந்து சொல்றேன். இந்த வயசுல எனக்கு இனிமே என்னா போச்சு" என்றார்.

அப்படியானால் நான் பைத்தியமில்லை. முன்னாடிதான் தெறிக்கும். எட்டு வருஷம் கொட்டை உடைத்தவளுக்கு இது தோன்றவில்லை.

அண்ணன் இன்றைக்குப் போன் காசை அக்காவிடம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

8.12.2004 புதன்

இன்று அவர் கூண்டில் ஏறினார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. ஒன்பது வருஷம் கண் போல வைத்திருந்தாராம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வெட்கம் கெட்ட நினைப்பு. காலரைப் பார்த்தேன். அழுக்குப் போகாமல் கோடு தெரிந்தது. 'ஐயோ, சரியாகத் துவைக்கவில்லையே, அடி விழுமே' என்று நினைத்தேன். வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

வக்கீலம்மா தண்ணீர் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், எதிர்த்தரப்பில் அடுத்த சாட்சி யார் என்று.

பாப்பாயி. என் அம்மா.

9.12.2004 வியாழன்

பெத்தவ. அவரு பக்கம் சாட்சி. ரெண்டு வரிசைக் கூரை ஓட்டுக்காகவாம்மா?

9.2.2005 புதன்

எல்லாவற்றையும் அப்படியே எழுதிவிட வேண்டும், மறப்பதற்குள். இதையாவது மறக்கக் கூடாது.

அம்மா பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவரோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. கூண்டில் ஏறி அவர் வக்கீல் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள். மாப்பிள்ளை நல்லவர். மகளுக்குக் கோபம் ஜாஸ்தி. தழும்பெல்லாம் கொட்டை எண்ணெய் பட்டது. மனப்பாடப் பாட்டு மாதிரி ஒப்பித்தாள்.

பிறகு நம் வக்கீலம்மா எழுந்தார். சத்தம் போடவில்லை. பக்கத்து வீட்டு ஆள் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு யாரும்மா கூட்டிட்டுப் போனது?"

"நாந்தான்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

"எண்ணெய் பட்டதுன்னு டாக்டர்கிட்ட யார் சொன்னது?"

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"நாந்தான் சொன்னேன்."

"உங்ககிட்ட உங்க பொண்ணு அப்படிச் சொன்னாங்களா?"

"அவ ஒண்ணும் சொல்லலிங்க."

"நீங்க கேட்டீங்களா?"

"கேக்கலிங்க."

"பெத்த புள்ள முதுகு வெந்து கிடக்கு. என்ன ஆச்சுன்னு ஒரு தாய் கேக்க மாட்டாங்களா?"

அவர் வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். ஜட்ஜ் உட்காரச் சொன்னார். அம்மா கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளுடைய விரலெல்லாம் கறுப்பு. அவளும் கொட்டை உடைத்தவள்தான்.

"கேட்டா சொல்லிப்புடுவாளேங்க" என்றாள். "சொல்லிட்டான்னா அப்புறம் திருப்பி அனுப்ப முடியாதே. அனுப்பாம வச்சிக்க எனக்கு வழி ஏதுங்க? அதான் கேக்கல. ஒரு தடவையும் கேக்கல."

அவர் எழுந்து அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது எனக்குத் தெரிந்த பார்வை. அம்மா அதை முதல் தடவையாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

நான் எழுந்து வந்துவிட்டேன்.

10.2.2005 வியாழன்

அண்ணன் "அம்மா நல்லதுதானே சொன்னாங்க" என்கிறார். நல்லதுதான். கேஸுக்கு நல்லது.

ஆனா எனக்கு? தெரிஞ்சிருந்திருக்கு. எல்லாம் தெரிஞ்சிருந்திருக்கு. தெரியாத மாதிரி இல்ல, தெரிஞ்சுக்கக் கூடாதுன்னே இருந்திருக்கா. நாலு தடவ கைய புடிச்சிக் கூட்டிட்டுப் போயி அந்த வாசல்ல விட்டுட்டு, திரும்பிப் பாக்காம பஸ் ஏறினியே. அவன் அடிச்சதக்கூட –

அவன் என்று எழுதிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. கூரை இடிந்து விழவில்லை. அவன், அவன், அவன்.

அம்மாவை மன்னிக்க முடியவில்லை. வழி ஏது என்று கேட்டாளே, அதைத் தள்ளவும் முடியவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருக்கிறது.

16.3.2005 புதன்

பச்சையம்மாள் அக்கா சாட்சி சொன்னார். எண்ணெய் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று ஜட்ஜுக்குக் கையால் உடைத்துக் காட்டினார். ஜட்ஜே சிரித்துவிட்டார்.

பிறகு நான். "இதுல எது எண்ணெய், எது உங்க கணவர்? பிரிச்சுச் சொல்ல முடியுமா?" என்று அவன் வக்கீல் கேட்டார். மடக்கிவிட்டதாக நினைப்பு.

"சிலது எனக்கே தெரியல சார். கையில இருக்கறதுல ரெண்டும் கலந்து கெடக்கு. முதுகுல இருக்கறது தோசைத்திருப்பி. தொண்ணூத்தெட்டு ஐப்பசி மாசம். மழை பேஞ்சுகிட்டு இருந்துச்சு."

எனக்கே தெரியாமல் வந்தது. மழை வரை வந்தது.

29.7.2005 வெள்ளி

மனு தள்ளுபடி.

அண்ணன் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, வாங்கித் தின்றார்கள். சாயங்காலம் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று பூத்து வாசலில் பிரேக் போட்டது. அவன் ஓட்டுவதும் அப்படி ஒரு லாரிதான். வழக்கம் போல என் கை தலைமேல் போயிற்று. உத்தரவைக் காட்டினால் கேட்கிற உடம்பா இது? இந்த ஊரில் லாரி ஓடாத தெரு வேறு கிடையாது. ஆனால் மேஜைக்கடியில் போகவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அது போகிற வரை நின்றேன்.

17.10.2005 திங்கள்

மழையில் நனைந்துகொண்டு அம்மா வந்து நிற்கிறாள், கையில் ஒரு மஞ்சப்பை. தீர்ப்பு வந்த மறுவாரமே அவன் போய், தான் போட்ட ஓடுகளையெல்லாம் கம்பால் அடித்து உடைத்துவிட்டுப் போனானாம். இரண்டு மாசமாகப் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு அதற்கடியில் படுத்திருந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. குடும்ப வழக்கம் அப்படி.

நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே வா என்று வாய் வரவில்லை. சுகன்யாதான் பையை வாங்கி உள்ளே வைத்தாள்.

24.10.2005 திங்கள்

ஒரு வாரமாக ஒரே அறையில் இருக்கிறோம். சாப்பிடு, குடத்தை நகர்த்து, மழை விட்டுவிட்டது. அதற்கு மேல் பேச்சில்லை. பிள்ளை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துக்கொள்கிறாள்.

1.11.2005 செவ்வாய், தீபாவளி

விடிகிறதுக்கு முன்னாலேயே அம்மா எழுப்பிவிட்டாள். சுகன்யாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்துப் புதுப் பாவாடை கட்டிவிட்டாள். அது மத்தாப்பைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியது. பிறகு அம்மா என்னைப் பார்த்து மணையைக் காட்டினாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

தலையில் தேய்த்தாள். கழுத்தில் தேய்த்தாள். முதுகுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நின்றது நின்றபடி. தெருவில் ஒரு சரம் முழுசாக வெடித்து முடிந்தது. எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. அம்மா கையை எடுக்கவில்லை.

"மலரு" என்றாள். "இது என்னாடி? எப்புடி ஆச்சு?"

ஏழு வருஷம் கழித்துக் கேட்கிறாள். இப்போது கேட்டு என்ன பண்ணப்போகிறாய் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. முகத்தைத் திருப்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். ஐப்பசி மழையிலிருந்து. ஒவ்வொன்றாக. தெரியாததைத் தெரியவில்லை என்று சொன்னேன். நடுவில் அவள் அழுகிறாள் என்று முதுகில் வைத்திருந்த கையிலிருந்தே தெரிந்தது. நிறுத்தட்டுமா என்று கேட்டேன்.

"நீ சொல்லு" என்றாள்.

வென்னீர் ஆறிப்போய்விட்டது. இரண்டு தடவை சுட வைத்தோம்.